சந்தைச் சரிவில் எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதா, தொடர்வதா? (ஏப்ரல் 2025)

மேட்டூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். இப்பகுதியில் வரும் பதிவுகளை நெடுநாளாகப் படித்து வருகிறேன்; எழுதுவது இதுவே முதல் முறை.

2021-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து மாதந்தோறும் 15,000 ரூபாயை எஸ்.ஐ.பி. முறையில், அதாவது மியூச்சுவல் ஃபண்டுகளில் மாதத் தவணையாக, போட்டு வருகிறேன். அதில் 10,000 ரூபாய் சிறு நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் இரண்டு ஸ்மால் கேப் ஃபண்டுகளுக்கும், 5,000 ரூபாய் 50 பெரிய நிறுவனங்களின் நிஃப்டி குறியீட்டைப் பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டுக்கும் போகிறது. இதுவரை போட்டது ஏறத்தாழ 6.9 லட்சம். கடந்த செப்டம்பரில் 9 லட்சத்தைத் தொட்ட மதிப்பு, ஏப்ரல் 7 மாலையில் 7.8 லட்சமாக நின்றது.

என் கணவர், "பி.எஃப். பணமே போதும், இது சூதாட்டம், எல்லாவற்றையும் எடுத்துவிடு" என்கிறார். ஃபண்டை அறிமுகப்படுத்திய முகவரோ, "நீண்ட காலத்தைப் பாருங்கள், செயலியைத் திறக்கவே திறக்காதீர்கள்" என்கிறார். இரண்டு பேச்சிலும் எனக்கு நிறைவு ஏற்படவில்லை. என் மகள் வரும் ஜூனில் பிளஸ் டூ போகிறாள். 2026 ஜூனில் பொறியியல் கல்லூரியின் முதல் ஆண்டுக் கட்டணமாக 2.5 லட்சம் வரை தேவைப்படும். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் 15 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. வீட்டுக்கடன் தவணையும் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தையின் பழைய வரலாறு தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

எண்கணக்கர்

வணக்கம் அம்மா. முதலில் நீங்கள் கொடுத்த எண்களையே சற்றுத் திருத்திப் பார்ப்போம். 9 லட்சம் 7.8 லட்சமாகிவிட்டது என்று பார்த்தால் இறக்கம் 1.2 லட்சம்தான் என்று தோன்றும். ஆனால் செப்டம்பருக்குப் பிறகும் நீங்கள் ஏழு தவணைகள் போட்டிருப்பீர்கள், அந்த 1.05 லட்சத்தையும் சேர்த்தால், உச்சத்திலிருந்து கரைந்தது ஏறத்தாழ 2.25 லட்சம், அதாவது 22 சதவீதம். இதை மறைத்து ஆறுதல் சொல்வதில் பயனில்லை. அதே வேளையில், போட்ட பணத்துக்கு மேல் இன்னும் 90,000 ரூபாய் நிற்கிறது என்பதும் உண்மை. உச்சத்தின் மதிப்பைச் சொந்தப் பணமாக மனம் எண்ணத் தொடங்கிவிடுவதால்தான், லாபத்தில் இருக்கும்போதே நட்டத்தில் இருப்பதைப்போல் வலிக்கிறது.

இச்சரிவு எங்கிருந்து வந்தது என்பதை எல்லாரும் அறிவோம். நிஃப்டி 2024 செப்டம்பர் 27 அன்று 26,277 என்ற உச்சத்தைத் தொட்டது. அக்டோபர் முதல் வெளிநாட்டு நிறுவனங்கள் தொடர்ந்து விற்றன; நிறுவனங்களின் லாப வளர்ச்சி மந்தமாகியிருந்த நேரத்தில் பங்கு விலைகள் மட்டும் உயரத்தில் இருந்தன. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை ஐந்து மாதங்கள் இடைவிடாமல் நிஃப்டி இறங்கியது. 1996-க்குப் பிறகு அப்படி ஒரு தொடர் இறக்கம் வந்ததில்லை. அதன் மேல் ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரி வந்து சேர்ந்தது. ஏப்ரல் 7 காலையில் நிஃப்டி 21,743 வரை போனது. உச்சத்திலிருந்து இது 17 சதவீத இறக்கம். ஸ்மால் கேப் குறியீடுகளோ கால் பங்குக்கு மேல் இழந்தன.

இதைவிடப் பெரிய சரிவுகள் இரண்டை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம். 2008 ஜனவரி 8 அன்று 20,873 புள்ளிகளில் முடிந்த சென்செக்ஸ் (மும்பைப் பங்குச்சந்தையின் முப்பது நிறுவனக் குறியீடு), அக்டோபர் 27 அன்று வணிகத்தின் நடுவே 7,700-க்கும் கீழே போனது. பழைய உயரத்துக்கு 2010 தீபாவளியில்தான் திரும்பியது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,935 புள்ளிகள், அதாவது 13 சதவீதம் விழுந்து 25,981-ல் முடிந்தது. அந்த ஆண்டு நவம்பருக்குள் ஜனவரியின் உச்சத்தைக் கடந்துவிட்டது. ஒரு முறை மூன்று ஆண்டுகள் ஆயின, மறுமுறை பத்து மாதங்களே ஆயின.

ஆனால் உங்கள் பணத்தின் பெரும்பகுதி சென்செக்ஸில் இல்லை, ஸ்மால் கேப்பில் இருக்கிறது. நிஃப்டி ஸ்மால் கேப் 100 குறியீடு 2018 ஜனவரியில் உச்சத்தைத் தொட்டு, 2020 மார்ச்சுக்குள் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. மீண்டும் அதே உயரத்தைக் காண 2021-ஆம் ஆண்டின் நடுப்பகுதி ஆயிற்று. உங்களுக்குக் கட்டணம் கட்ட 14 மாதங்களே உள்ளன. ஆகவே ஓய்வுக்காலப் பணத்துக்கு நான் சொல்லும் விடை வேறு, கல்லூரிக் கட்டணத்துக்குச் சொல்லும் விடை வேறு. முகவரும் உங்கள் கணவரும் இரண்டையும் ஒரே பையில் போட்டுப் பேசுகிறார்கள்.

பஞ்சாலைக்காரன், கோவை

எண்கணக்கர் வழக்கம்போல் நேர்த்தியாக எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எடுத்துக்காட்டிய இரண்டு சரிவுகளும் விரைவில் மீண்டவை. மீளாத காலத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை?

பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா விலைகளை ஏற்றிவிட்ட காலத்தின் உச்சியில், 1992 ஏப்ரல் 22 அன்று, சென்செக்ஸ் 4,467 புள்ளிகளில் முடிந்தது. 2003 ஏப்ரலில் அதே சென்செக்ஸ் 3,000-க்கும் கீழே கிடந்தது. நடுவே 1994-ல் ஒரு முறை, 2000-ல் கணினி நிறுவனப் பங்குகளின் மோகத்தில் ஒரு முறை எனத் தலை தூக்கிப் பார்த்தது, மறுபடியும் படுத்தது. பதினோர் ஆண்டுகள் கழித்து மூலதனமே முழுதாக இல்லை. அதே 1990-களில் அரசு வங்கிகள் வைப்புத் தொகைக்கு 11, 12 சதவீத வட்டி கொடுத்தன. எங்கள் ஊரில் பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தவர்களின் பணம் ஆறேழு ஆண்டுகளில் இரட்டித்தது.

இன்னும் தொலைவுக்குப் போனால் ஜப்பான் இருக்கிறது. நிக்கேய் குறியீடு 1989-ஆம் ஆண்டின் கடைசி வணிக நாளில் 38,915 புள்ளிகளைத் தொட்டது. அந்த உயரத்தை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள்! அங்கேயும் 1990-ல் "நீண்ட காலத்தைப் பாருங்கள்" என்று சொன்னவர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

"மனை வாங்கினால் நாள்தோறும் விலை கேட்கிறோமா, பங்கையும் அப்படி எண்ணிக்கொள்ளுங்கள்" என்று முகவர்கள் சொல்லும் ஒப்புமையும் எனக்குப் பிடிப்பதில்லை. விலை கேட்காததால் மனையின் விலை இறங்காமல் இருந்துவிடுவதில்லை. அவசரத்துக்கு விற்கப் போகிறவனுக்குத்தான் அது தெரியும்.

எண்கணக்கர்

நண்பர் சொன்ன 1992–2003 கணக்கை நான் மறுக்கவில்லை. அது இங்கே பேசப்பட வேண்டியதே. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார், மீதியையும் போட்டுப் பார்ப்போம்.

ஏப்ரல் 7 அன்று சென்செக்ஸ் 73,138 புள்ளிகளில் முடிந்தது. 1979-ல் 100 என்று தொடங்கிய அடிப்படையிலிருந்து கணக்கிட்டால் ஆண்டுக்கு 15 சதவீதத்துக்குச் சற்று மேல் வளர்ந்திருக்கிறது. இந்த எண்ணைத்தான் விளம்பரங்களில் பார்ப்பீர்கள். ஆனால் 1992 ஏப்ரலின் உச்ச நாளில் முழுத் தொகையையும் போட்டவருக்கு, 33 ஆண்டுகளுக்கு ஆண்டு வளர்ச்சி 9 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2003 ஏப்ரலில் போட்டவருக்கு அது 15 சதவீதத்துக்கு மேல். 2008 ஜனவரியின் உச்சத்தில் போட்டவருக்கு ஏழரை சதவீதம். அதே சந்தை, அதே நாடு. நுழைந்த நாளின் விலைதான் வேறு. 1992-ல் சென்செக்ஸ் நிறுவனங்களின் ஒரு ரூபாய் லாபத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் விலை கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்துவிட்டுப் பத்தாண்டு காத்திருப்பதைப் பொறுமை என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பொறுமை செலவாவதெல்லாம், வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்த விலையை ஈடுகட்டுவதற்குத்தான்.

இதில் ஒரு திருத்தமும் உண்டு. சென்செக்ஸின் புள்ளிகளில் டிவிடெண்ட் (நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் லாபத் தொகை) சேராது. ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் என்று வரும் அத்தொகையை மீண்டும் முதலீடு செய்ததாகக் கணக்கிடும் டி.ஆர்.ஐ. குறியீடு தனியே இருக்கிறது. 2018 பிப்ரவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் தம் செயல்பாட்டை அதனோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்தது. ஆகவே மேலே சொன்ன எல்லா எண்களோடும் ஒன்றரை சதவீதத்துக்குள் கூட்டிக்கொள்ளலாம். 9 சதவீதம் 10 ஆகும்; 15 ஆகிவிடாது.

வாசகி அம்மாவின் கணவருக்கும் ஒரு செய்தி. பி.எஃப். நிறுவனமே 2015 ஆகஸ்ட் முதல் தனக்குப் புதிதாக வரும் தொகையில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தைக் குறியீடுகளைப் பின்பற்றும் இ.டி.எஃப். ஃபண்டுகளில் போட்டு வருகிறது. முதலில் 5 சதவீதமாக இருந்தது, பின்னர் 15 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. வட்டி விகிதமாக அறிவிக்கப்படுவதால் அதன் ஏற்ற இறக்கம் நம் கண்ணில் படுவதில்லை.

செகண்ட் லைன் பீச்

தம்பிகள் இருவரும் குறியீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சென்னைப் பங்குச்சந்தைக் கட்டடம் இரைச்சலோடு இருந்த நாள்களில் அங்கே ஒரு புரோக்கர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். (அந்தச் சந்தை 2015-ல் செபியின் ஆணையோடு முறைப்படி விலகிக்கொண்டது, அதற்கு முன்பே அங்கு வணிகம் ஓய்ந்துவிட்டது.) காகிதப் பத்திரக் காலத்தில் பங்கு மாற்றுப் படிவத்தில் கையெழுத்துச் சற்று மாறினால் போதும், 'பேட் டெலிவரி' என்று திருப்பி அனுப்புவார்கள். விற்க நினைத்தாலும் எளிதில் விற்க முடியாது. அந்தத் தொல்லையாலேயே பலர் நீண்ட கால முதலீட்டாளர்களாக இருந்தார்கள் என்பதை இன்று செயலியில் விரலை வைத்து விற்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

குறியீடு மீண்டுவிடும் என்பதற்கும், கையில் இருக்கும் பங்கு மீண்டுவிடும் என்பதற்கும் தொடர்பு குறைவு. 1986-ல் சென்செக்ஸ் வெளியானபோது அதன் முப்பது நிறுவனங்களில் அம்பாசடர் கார் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸும், பத்மினி கார் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் இருந்தன. இன்று அவை எங்கே? நலிந்த நிறுவனத்தைக் குறியீட்டிலிருந்து எடுத்துவிட்டு வளரும் நிறுவனத்தைச் சேர்க்க ஒரு குழு இருக்கிறது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் உங்கள் டீமேட் கணக்குக்கு அப்படி ஒரு குழு கிடையாது. 2008 ஜனவரியில் 500 ரூபாய்க்கு மேல் விற்ற யூனிடெக் பங்கை, "குறைந்தபோது வாங்கு, பொறுத்திரு" என்ற ஒரே மந்திரத்தோடு வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அது ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அதே ஜனவரியில் நாடே விண்ணப்பித்து வாங்கிய ரிலையன்ஸ் பவரின் புதிய வெளியீட்டு விலை 450 ரூபாய். பட்டியலிடப்பட்ட முதல் நாளிலேயே 372-க்கு வந்தது, பின்னாளில் ஓரிரு ரூபாய்க்கும் விற்றது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியைச் சீரமைத்தபோது, 100 பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் முக்கால் பகுதியை மூன்றாண்டுகளுக்கு விற்க முடியாதபடி பூட்டி வைத்தார்கள். அவர்கள் விரும்பாமலே நீண்ட கால முதலீட்டாளர்கள் ஆனார்கள்!

நான் பார்த்த வரையில், சரிவில் அழிந்தவர்களில் பெரும்பாலோர் பயந்து விற்றவர்கள் அல்லர், விற்க வைக்கப்பட்டவர்கள். 2008 ஜனவரி 21, 22 ஆகிய இரண்டு நாள்களை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் சென்செக்ஸ் 1,408 புள்ளிகள் விழுந்தது. மறுநாள் காலை சந்தை திறந்த உடனே 10 சதவீதம் விழுந்து ஒரு மணி நேரம் வணிகம் நிறுத்தப்பட்டது. மார்ஜின் (கடனில் வாங்கிய பங்குகளுக்கான ஈட்டுப் பணம்) கட்டாத வாடிக்கையாளர்களின் பங்குகளை அலுவலகங்கள் விற்றுத் தள்ளின. மாலைக்குள் பணம் கட்டுகிறேன் என்று கெஞ்சியவரிடம் நல்ல பங்குகளே இருந்தன, நல்ல பொறுமையும் இருந்தது. இரண்டு நாளைக்கான ரொக்கம் மட்டும் இல்லை. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவனுக்கு எவ்வளவு காலம் பொறுப்பது என்பதை முடிவு செய்பவன் கடன் கொடுத்தவன்.

அம்மா, உங்களுக்கு மார்ஜின் கடன் இல்லை. ஆனால் தேதி குறித்த கல்லூரிக் கட்டணமும் அதே வேலையைத்தான் செய்யும். எண்கணக்கர் சொன்னதில் நான் உறுதியாக ஏற்பது அதைத்தான்.

வேளச்சேரி வாசி

மூத்தவர்கள் இவ்வளவு விளக்கிய பிறகு கேட்கத் தயக்கமாக இருக்கிறது. இறங்கும் என்று தெரிந்தே ஏன் உள்ளே இருக்க வேண்டும்? அமெரிக்க வரிச் சிக்கல் தெளியும் வரை விற்று வெளியே இருந்துவிட்டு, நிலைமை சரியானதும் மீண்டும் வாங்கினால் என்ன? நானும் என் நண்பர்களும் அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறோம். குறைந்த விலையில் கூடுதலாக வாங்க நகைக்கடன் எடுக்கலாமா என்றும் ஒரு யோசனை உண்டு.

எண்கணக்கர்

தம்பி, நிலைமை தெளிவாகும் நாளில் விலையும் மாறிவிட்டிருக்கும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அதற்கு 2009 மே 18-ஐ விட நல்ல சான்று கிடைக்காது. மக்களவைத் தேர்தல் முடிவு வரட்டும், பிறகு வாங்கலாம் என்று பெருந்தொகையோடு பலர் வெளியே காத்திருந்தார்கள். முடிவு சனிக்கிழமை வந்தது. திங்கள்கிழமை காலை சந்தை திறந்த சில நொடிகளில் மேல் சர்க்யூட் எனப்படும் ஏற்ற வரம்பைத் தொட்டு வணிகம் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது மீண்டும் தொட்டு, அன்றைய நாளுக்கே மூடப்பட்டது. சென்செக்ஸ் 2,110 புள்ளிகள், 17 சதவீதம் ஏறியிருந்தது. வணிகம் நடந்த நேரத்தை மொத்தமாகக் கூட்டினாலும் சில நிமிடங்கள் தேறாது. வெளியே காத்திருந்தவர்களில் எத்தனை பேரால் வாங்கியிருக்க முடியும்?

பேரேற்றம் வரும் நாள்கள் பெரும்பாலும் பெருஞ்சரிவுகளுக்கு நடுவிலேயே வருகின்றன. 2020 மார்ச் 13 காலையில் 10 சதவீத இறக்கத்தால் வணிகம் 45 நிமிடங்கள் நிறுத்தப்பட்டது. அதே நாள் மாலையில் சென்செக்ஸ் 1,325 புள்ளிகள் ஏற்றத்தோடு முடிந்தது. பத்து நாள் கழித்து 13 சதவீத வீழ்ச்சி வந்தது. அதிலிருந்து இரண்டு வாரத்தில், ஏப்ரல் 7 அன்று, ஒரே நாளில் கிட்டத்தட்ட 9 சதவீத ஏற்றம் வந்தது. அப்போது கொரோனா குறித்து எதுவுமே தெளிவாகியிருக்கவில்லை, ஊரடங்கு நடந்துகொண்டிருந்தது.

நகைக்கடனைப் பற்றிச் செகண்ட் லைன் பீச் ஐயா முன்பே விடை சொல்லிவிட்டார். கூடுதலாக ஒன்று: எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்னும் முன்பேர வணிகம்) பக்கம் போகும் எண்ணமிருந்தால், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள் என்ற செபியின் ஆய்வை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி ஒரு முறை உரக்கப் படியுங்கள்.

பஞ்சாலைக்காரன், கோவை

எஸ்.ஐ.பி. போட்டால் சரிவு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மைதான் என்பதைச் சிறு கணக்கால் காட்டுகிறேன்.

மூன்று தவணைகள், ஒவ்வொன்றும் 10,000 ரூபாய். ஒரு யூனிட்டின் (ஃபண்டின் ஓர் அலகின்) விலை முதலில் 100, பிறகு 50, கடைசியில் மீண்டும் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100, 200, 100 என்று மொத்தம் 400 யூனிட்டுகள் சேரும். மதிப்பு 40,000 ரூபாய். விலை ஏறவே இல்லை, ஆனாலும் 10,000 லாபம். இந்தப் படத்தைத்தான் எல்லாக் கூட்டங்களிலும் திரையில் காட்டுகிறார்கள். இப்போது விலை 100, 200, 100 என்று போகட்டும். 100, 50, 100 என்று 250 யூனிட்டுகள், மதிப்பு 25,000. இங்கும் தொடங்கிய விலையும் முடிந்த விலையும் ஒன்றே, ஆனால் 5,000 நட்டம். முதலில் இறங்கிப் பின்னர் ஏறினால் எஸ்.ஐ.பி. காப்பாற்றும், முதலில் ஏறிக் கடைசியில் இறங்கினால் காப்பாற்றாது.

ஆண்டுகள் செல்லச் செல்ல இன்னொன்றும் நடக்கும். சேர்ந்த தொகை 30 லட்சமாகி, மாதத் தவணை 10,000 ஆகவே இருந்தால், 20 சதவீதச் சரிவில் போவது 6 லட்சம். அது ஐந்து ஆண்டுத் தவணைகளுக்குச் சமம். அந்த நிலையில், குறைந்த விலையில் வாங்கும் மாதத் தவணை எந்த மூலைக்கு? ஓய்வுக்கு 15 ஆண்டுகள் இருக்கும்போது சரிவு வந்தது வாசகி அம்மாவுக்கு நல்வாய்ப்பு என்பதை என் போன்ற ஐயப்பேர்வழியும் ஒப்புக்கொள்கிறேன். ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது இதே சரிவு வந்தால் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆகவே பணி முடியும் காலம் நெருங்கும்போது பங்கிலிருந்து சிறிது சிறிதாக வெளியே எடுக்கும் திட்டமும் இப்போதே வேண்டும்.

2025 ஜனவரியில் நாடு முழுவதும் புதிதாகத் தொடங்கப்பட்ட எஸ்.ஐ.பி. கணக்குகளைவிட நிறுத்தப்பட்டவையும் முடிந்தவையும் அதிகம் என்று செய்தி வந்தது. உச்சத்தில் சேர்ந்து முதல் இறக்கத்தில் ஓடியவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களுக்கு மேலே சொன்ன முதல் கணக்கின் நடு மாதம் கிடைக்கவே போவதில்லை.

நெறியாளர்

எந்த ஃபண்டின் பெயரையும் பரிந்துரைக்க வேண்டாம் என்பதை நினைவூட்டுகிறோம். பரிந்துரை வேண்டுவோர் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரை அணுகவும்.

மேட்டூர் வாசகி

அனைவருக்கும் நன்றி. என் கணவரும் உடன் அமர்ந்து எல்லாப் பதிவுகளையும் படித்தார். பி.எஃப். பணமும் சந்தைக்குப் போகிறது என்பது அவருக்குப் புதிய செய்தி. அதைப் பற்றித் தனியே ஒரு மணி நேரம் பேசினோம்.

இப்படிச் செய்யலாம் என்று எண்ணுகிறோம். மே மாதம் முதல் ஸ்மால் கேப் ஃபண்டுகளுக்குப் போகும் 10,000 ரூபாயை வங்கியின் ஆர்.டி.க்கு, அதாவது மாதத் தவணை வைப்புக்கு, திருப்பிவிடுவது; 2026 ஜூன் வரை 14 தவணைகளில் 1.4 லட்சம் சேரும். மீதி 1.1 லட்சத்தை ஸ்மால் கேப் ஃபண்டுகளிலிருந்து எடுத்து, குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஒரு லிக்விட் ஃபண்டில் வைப்பது. நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டின் 5,000 ரூபாய்த் தவணையை ஓய்வுக்காலத்துக்கு என்று ஒதுக்கி, எது நடந்தாலும் தொடர்வது. இதில் எனக்கு உறுத்துவது ஒன்றே: விலை குறைந்திருக்கும் நேரத்தில் ஸ்மால் கேப் வாங்குவதை நிறுத்தி, அதையே விற்கவும் செய்கிறோமே?

செகண்ட் லைன் பீச்

அம்மா, அந்த 1.1 லட்சம் இனி ஏறக்கூடும். நீங்கள் விற்ற மறுமாதமே ஏறலாம். ஏறினால் வருந்தாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், வருத்தம் வரத்தான் செய்யும். ஆனால் ஏறினால் கிடைக்கும் இருபதாயிரத்தால் உங்கள் வாழ்வு மாறப்போவதில்லை. மதிப்பு இன்னும் சரிந்தால் கல்லூரிக் கட்டணத்துக்குத் தனியார் கடன் வாங்க நேரிடும். மேலும் 7.8 லட்சத்தில் 6.7 லட்சம் சந்தையிலேயே இருக்கப்போகிறது. ஏற்றம் வந்தால் அதில் வரும்.

இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கும் இப்போதே ஒரு வழி வையுங்கள். 2026 ஜூனில் ஆர்.டி. முடிந்ததும் அடுத்த ஆர்.டி. தொடங்கட்டும். இன்னொன்று: எல்லாக் கணக்குகளுக்கும் வாரிசு நியமனம் செய்து, வங்கிக் கணக்கு விவரமும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கேட்கப்படாத டிவிடெண்டும் அதற்குரிய பங்குகளும் அரசின் ஐ.இ.பி.எஃப். என்னும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடுகின்றன. அப்பா வாங்கி வைத்த காகிதப் பங்குகளைத் தேடிக்கொண்டு என்னிடம் வரும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்; வாங்கியவர் நாற்பது ஆண்டு பொறுத்திருந்தார், வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

நாமக்கல் வரிக் கணக்கர்

விற்பதற்கான வரி விவரத்தை மட்டும் சொல்கிறேன். 2024 ஜூலை 23 முதல் பங்கு சார்ந்த ஃபண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளின் லாபத்துக்கு 12.5 சதவீதமும், ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதமும் வரி. நீண்ட கால லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை.

எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டு தனித்தனியே எண்ணப்படும். விற்கும்போது முதலில் வாங்கிய யூனிட்டுகளே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். ஆகவே நீங்கள் எடுப்பது 2021, 2022-ஆம் ஆண்டுகளின் யூனிட்டுகளாக இருக்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. உங்கள் மொத்த லாபம் 90,000 என்று செயலி காட்டினாலும், பழைய யூனிட்டுகளில் லாபம் மிகுதியாகவும், கடந்த ஆண்டு வாங்கியவற்றில் நட்டமாகவும் இருக்கும். எடுப்பதெல்லாம் பழையவை என்பதால், 1.1 லட்சம் எடுக்கும்போது அதில் லாபப் பகுதி நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். அப்படியிருந்தும், எடுக்கும் மொத்தத் தொகையே 1.25 லட்சத்துக்குக் கீழ் என்பதால், இவ்வாண்டில் வேறு பங்கு லாபம் இல்லையெனில் வரி எதுவும் வராது.

மேட்டூர் வாசகி

மிக்க நன்றி ஐயா. எக்ஸிட் லோடு (பணத்தை வெளியே எடுக்கும்போது பிடிக்கும் கட்டணம்) ஏதும் பிடிப்பார்களா? ஒரே தடவையில் எடுப்பதா, மாதாமாதம் பிரித்து எடுப்பதா?

நாமக்கல் வரிக் கணக்கர்

பெரும்பாலான ஸ்மால் கேப் ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் எடுக்கும் யூனிட்டுகளுக்குத்தான் 1 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுடைய பழைய யூனிட்டுகளுக்கு அது வராது, இருப்பினும் உங்கள் ஃபண்டின் விவரக் குறிப்பை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஃபண்டிலிருந்து எடுக்கிறீர்களோ அதே நிறுவனத்தின் லிக்விட் ஃபண்டுக்கு எஸ்.டி.பி. (ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தவணையாக மாற்றுவது) முறையில் மாதம் 18,000 அல்லது 19,000 ரூபாய் என்று ஆறு மாதங்களுக்கு மாற்றக் கட்டளை கொடுத்துவிட்டால், எந்த நாளில் விற்பது என்று நீங்கள் தினமும் யோசிக்க வேண்டியிருக்காது. அக்டோபருக்குள் முடிந்துவிடும். லிக்விட் ஃபண்டில் சேரும் சிறு லாபத்துக்கு உங்கள் வருமான வரி விகிதப்படி வரி உண்டு. 2026-ல் கட்டணம் கட்ட எடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.